கடைசிப் பூச்சு

தூத்துக்குடியில் வீடுகள் முடிந்து உப்பளங்கள் தொடங்கும் இடத்தில் சிவகாமி அம்மையின் வீடு இருந்தது. அவர் குருதான், ஆனால் காவி கட்டியவர் அல்ல. நாற்பதைத் தாண்டிச் சில வருடங்கள்தான் ஆகியிருக்கும். காலையில் யார் வேண்டுமானாலும் வந்து அவர் வீட்டுக் கூடத்தில் பாயை விரித்துச் சும்மா உட்காரலாம். எழுந்தபின் கேள்வி இருந்தால் கேட்கலாம். பதில் கிடைக்கும் என்று நிச்சயம் கிடையாது.

அங்கே வருகிறவர்களில் ஆவுடையப்பன் மூத்தவர். துறைமுகத்தில் கிரேன் இயக்கி ஓய்வு பெற்றவர். குருவைவிட வயதில் நன்றாகவே பெரியவர். அவர் குருவை ‘அம்மா’ என்பார். குரு அவரை ‘அண்ணாச்சி’ என்பார். இருவருக்குமே அதில் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை.

ஆவணி மாதத்தில் ஒரு காலை, எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஆவுடையப்பன் கேட்டார்.

“அம்மா, ஒரு வேலை முடிஞ்சிட்டுன்னு எப்படித் தெரியும்?”

“என்ன வேலை?”

“கார் வீலுக்குப் பாலிஷ் போடுத வேலை.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிவகாமி அம்மை சிரிக்கவில்லை.

“எப்ப ஆரம்பிச்சிய?”

“மாசியில.”

“இன்னுமா முடியல?”

“முடிக்கத்தான் போவேன். அப்பப் பாத்து ஒரு புள்ளி கண்ணுல படும்.”

அம்மை தன் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

“நாளைக்கு உங்க வீட்டுக்கு வாரேன். மதினிகிட்டச் சொல்லிருங்க.”

ஆவுடையப்பன் வீட்டுக்கு நடந்தார். கேட்டிருக்கக் கூடாதோ என்று வழியெல்லாம் தோன்றிக்கொண்டே இருந்தது. ஒரு கார்ச் சக்கரத்துக்காக குருவை வீட்டுக்கு வரவழைத்துவிட்டோமே என்று கூசியது. ஆனால் அந்தச் சக்கரங்களைப் பற்றி அவர் கேட்கக்கூடிய வேறு மனிதர் யாரும் இல்லை.

தை மாதக் கடைசியில் நடந்தது அது. திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அவரும் மனைவி உலகம்மையும் காரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வல்லநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு டேங்கர் லாரி சைகை எதுவும் காட்டாமல் அவர் பாதைக்குள் வந்தது. அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். கார் சாலைத் தடுப்புக் கல்லை உரசிக்கொண்டே நெடுந்தூரம் போய் நின்றது. லாரி நிற்கவில்லை.

அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. உலகம்மைக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் கை பழையபடி திரும்பவில்லை. துணி பிழிய முடியவில்லை, தோசைக் கல்லைத் தூக்க முடியவில்லை. அவள் புலம்பவில்லை. இடது கையால் கோலம் போடப் பழகிக்கொண்டாள். கோடுகள் கொஞ்சம் கோணலாக வந்தன. “இதுவும் ஒரு அழகுதான்” என்று தானே சொல்லிக்கொண்டாள்.

எல்லோரும் லாரிக்காரனைத் திட்டினார்கள். உலகம்மை எல்லோரையும்விட அதிகமாகத் திட்டினாள். ஆவுடையப்பன் மட்டும் திட்டவில்லை. எத்தனையோ வருடம் ஆட்களின் தலைக்கு மேலே கண்டெய்னரைத் தூக்கி நகர்த்திய கை அவருடையது. ஒருவர்மீதும் ஒரு தூசி விழுந்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியை அந்தக் கையால் காப்பாற்ற முடியவில்லை.

பட்டறையில் கதவைச் சரிசெய்து கொடுத்தார்கள். வீல்களையும் கழற்றிச் சோதித்தார்கள். விரிசல் இல்லை, ஓட்டமும் நேராக இருக்கிறது, பார்வைக்குத்தான் அசிங்கம் என்றார்கள். அலாய் வீல்கள். மேலே இருந்த பூச்சு உரிந்து, விளிம்பெல்லாம் எலி கடித்ததுபோல் இருந்தது. புதிதாக மாற்றிவிடலாம் என்றார் பட்டறைக்காரர்.

“வீலை நான் பாத்துக்கிடுதேன்” என்றார் ஆவுடையப்பன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. காரை வீட்டுக் கொட்டகையில் மரக்கட்டைகள்மேல் நிறுத்தினார். வீல்களைக் கழற்றிச் சாக்கு விரித்து அதில் கிடத்தினார். சோப்புத் தண்ணீரால் பிரேக் கரியைக் கழுவினார். மிச்சமிருந்த பழைய பூச்சை உரித்தெடுத்தார். வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, முதலில் சொரசொரப்பானது, பிறகு மெல்லியது, பிறகு அதைவிட மெல்லியது என்று தேய்த்தார். அதன்பின் பாலிஷ் பசை. தேய்க்கத் தேய்க்கத் துணி கறுப்பாகும். கறுப்பைத் துடைத்தால் அடியிலிருந்து வெள்ளி போலப் பளபளப்பு எழும்பி வரும். குனிந்தால் தன் முகம் தெரியும்.

அதற்குமேல் ஒரே ஒரு வேலைதான் பாக்கி. ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, சீலரை மெல்லிசாகப் பூச வேண்டும். பூசினால் கடல் காற்றிலிருக்கும் உப்பு உலோகத்தைத் தொடாது. சீலர் புட்டியை வாங்கி அலமாரியில் வைத்திருந்தார். அது மூடி திறக்காமலே இருந்தது.

பூசப்போகும் நேரத்தில் ஒரு புள்ளி கண்ணில் படும். இல்லையென்றால் ஒரு கோடு. ‘நாளைக்குப் பூசுவோம்’ என்று வைத்துவிடுவார். ராத்திரி முழுக்க உப்புக் காற்று வீசும். காலையில் பார்த்தால் கண்ணாடியில் யாரோ மூச்சு விட்டதுபோல வீல் மங்கியிருக்கும். மறுபடியும் பசை, மறுபடியும் துணி.

அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது உலகம்மை மகளுடன் போனில் பேசிக்கொண்டிருந்தாள். மகள் காந்திமதி தென்காசியில் வாழ்க்கைப்பட்டவள். நிறைமாதம். வரும் வெள்ளிக்கிழமை அங்கே வளைகாப்பு. முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும்.

“உங்கப்பா வந்துட்டாவ, பேசு” என்று உலகம்மை போனைச் சத்தமாக வைத்தாள்.

“அப்பா, நம்ம கார்லதானே கூட்டிட்டுப் போவீங்க?”

“வாடகைக் கார் சொல்லியிருக்கேன்மா. நல்ல டிரைவர்.”

“அப்ப நான் வரல.”

“ஏட்டி, என்ன பேச்சு இது?” என்றாள் உலகம்மை.

“இங்கயும் ஆஸ்பத்திரி இருக்கு. அத்தை நல்லாப் பாத்துக்கிடுவாங்க. அப்பா காரை எடுத்துட்டு வந்தா வாரேன். இல்லன்னா இங்கயே இருந்துக்கிடுதேன்.”

“மதி, காருக்கு இன்னும் வீல் மாட்டலம்மா.”

“மாட்டுங்க.”

அதற்குமேல் அவள் பேசவில்லை. போன் அணைந்தது.

உலகம்மை போனை மேசைமேல் வைத்தாள். “நான் பஸ்ல போயி அவகிட்டப் பேசி, கூட்டிட்டு வாரேன். நீங்க வீலைத் தேச்சுக்கிட்டு இருங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

மறுநாள் காலை வெயில் ஏறுமுன்பே சிவகாமி அம்மை வந்துவிட்டார். உலகம்மை நாற்காலி எடுத்துப் போட்டாள். அம்மை அதில் உட்காராமல் நேராகக் கொட்டகைக்குப் போய், சாக்கில் கிடந்த ஒரு வீலின் எதிரில் தரையில் உட்கார்ந்தார். முந்தைய நாள் பளபளத்த வீல் மங்கிப்போயிருந்தது.

“எனக்கு ஒரு துணி கொடுங்க, அண்ணாச்சி.”

“அம்மா, கையெல்லாம் கரியாகும். சேலை வேற வெள்ளை.”

“துவைச்சாப் போகும்.”

ஆவுடையப்பன் தயங்கித் தயங்கி ஒரு துணியும் கொஞ்சம் பசையும் கொடுத்தார். எப்படித் தேய்க்க வேண்டும் என்று காட்டினார். காட்டத் தொடங்கியதும் தயக்கம் போய்விட்டது. ஒரே இடத்தில் அழுத்தக் கூடாது, துணியை அடிக்கடி மாற்ற வேண்டும், வெயிலில் வைத்துச் செய்யக் கூடாது என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனார். அம்மை ‘ம்’ கொட்டிக் கேட்டுக்கொண்டார். அவருக்கு வேலை ஒழுங்காக வரவில்லை. பசையை அதிகமாக எடுத்தார், முழங்கைவரை கறுப்பாக்கிக்கொண்டார். உலகம்மை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

திடீரென்று அம்மையின் விரல் விளிம்பில் ஓரிடத்தில் நின்றது.

“இது என்ன?”

நகம் உள்ளே இறங்கும் ஆழத்துக்கு ஒரு பள்ளம்.

“அந்தக் கல்லுல உரசின இடம்.”

“தேச்சாப் போகாதா?”

“சுத்தி இருக்குத உலோகத்தையும் அந்த அளவுக்குக் கீழ கொண்டு வரணும். அப்பத்தான் சமமாகும்.”

“கொண்டு வருவோம்.”

“அதெப்படிம்மா? விளிம்பு மெலிஞ்சு போகும்லா.”

“மெலிஞ்சா?”

“ஒரு குழியில விழுந்தா உடைஞ்சிரும். வேகமாப் போகும்போது உடைஞ்சா... உள்ள இருக்கவங்க கதி?”

சொல்லி முடித்ததும் ஆவுடையப்பனின் பார்வை அந்த விளிம்புக்குப் போனது. சில நாட்களாக அவர் அந்தப் பள்ளத்தில்தான் வாட்டர் பேப்பரைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டி விளிம்பை இரண்டு விரல்களுக்கிடையே பிடித்துப் பார்த்தார். மற்ற இடங்களையும் பிடித்துப் பார்த்தார். கனம் இருந்தது. அதிகம் போய்விடவில்லை. மூச்சு வந்தது.

அம்மை எழுந்து அலமாரியிடம் போய், சீலர் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது எதுக்கு?”

“அதுதான் கடைசிப் பூச்சு. உப்புப் பிடிக்காம இருக்கதுக்கு.”

“ஓ” என்று சொல்லிக்கொண்டே அம்மை மூடியைத் திருகினார். கையில் இருந்த அதே கறுப்புத் துணியில் கொஞ்சம் ஊற்றினார். வீலை நோக்கிக் குனிந்தார்.

“அம்மா!”

ஆவுடையப்பன் போட்ட சத்தத்தில் மதில்மேல் இருந்த காக்கை பறந்துபோனது.

“என்ன அண்ணாச்சி?”

“அழுக்குத் துணியிலயா பூசுவாங்க? பசை எல்லாம் உள்ளயே மாட்டிக்கிடும். முதல்ல ஸ்பிரிட் போட்டுத் துடைக்கணும். விரல்பட்ட எண்ணெய்கூட இருக்கக் கூடாது. அப்புறம் புதுத் துணியில, துளியூண்டு எடுத்து...”

“துளியூண்டுன்னா?”

“நீங்க பூசினாத் திட்டுத் திட்டா வரும். தள்ளுங்கம்மா, தள்ளுங்க.”

குருவிடம் அப்படிப் பேசியதை அவர் உணரவே இல்லை. அம்மை எழுந்து சுவரோரமாகப் போய் நின்றார். ஆவுடையப்பன் அந்த வீலுக்கு இன்னொரு முறை பசை போட்டு, அம்மை அப்பி வைத்ததையெல்லாம் சரிசெய்து, துடைத்து, ஸ்பிரிட்டால் எண்ணெய் நீக்கினார். ஒரு புதுத் துணியை மடித்து, அதன் நுனியில் துளி சீலரைத் தொட்டு, உள்ளிருந்து வெளியே வட்டம் வட்டமாகப் பூசினார். ஒவ்வொரு ஆரக்காலின் இடுக்கிலும் விரலை நுழைத்துப் பூசினார். பள்ளம் வந்தது. துணியின் முனையை அதற்குள் விட்டு அங்கேயும் பூசினார். காய விட்டு, உலர்ந்த துணியால் மெதுவாகத் தேய்த்தெடுத்தார்.

ஒரு வீல் முடிந்ததும் அடுத்ததை இழுத்தார். உலகம்மை காப்பி கொண்டுவந்து வைத்தது ஆறிப்போனது. அம்மையும் அவளும் முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள். கொட்டகையிலிருந்து துணி உரசும் சத்தம் வந்துகொண்டிருந்தது, பிறகு தண்ணீர்ச் சத்தம்.

மதியம் திரும்பும் நேரத்தில் ஆவுடையப்பன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“நாளைக்கு வரைக்கும் தண்ணி படக் கூடாது. அப்புறம் மாட்டலாம்” என்றார் உலகம்மையிடம்.

பிறகு ஏதோ நினைவு வந்தவராக அம்மையிடம் திரும்பினார்.

“வேலை முடிஞ்சிட்டுன்னு எப்படித் தெரியும்னு கேட்டேனே. நீங்க ஒண்ணுமே சொல்லலையேம்மா.”

அம்மை கொடியைக் கையால் காட்டினார். அதில் ஆவுடையப்பனின் பாலிஷ் துணிகளெல்லாம் துவைத்துப் பிழிந்து வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

“துணியெல்லாம் துவைச்சுக் காயப் போட்டுட்டு வந்து கேக்கிய.”

ஆவுடையப்பன் கொடியைப் பார்த்தார். அவற்றை எப்போது துவைத்தோம் என்று அவருக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் வீல்களை மாட்டினார். நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக மாற்றி மாற்றி இறுக்கினார். ஜாக்கியை இறக்கியபோது கார் ஒரு பெருமூச்சோடு தரையில் உட்கார்ந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இவ்வளவு நாளும் ஓட்டாததற்கு ஒரு காரணம் இருந்தது. இனிமேல் கார் ஓடும்.

அன்று சாயங்காலம் தெருமுனைவரை ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து இறங்கியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உலகம்மை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நேராக உள்ளே போய்விட்டார்.  அவள் வாடகைக் காரோட்டியைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சிவகாமி அம்மைக்கும் போன் செய்து வளைகாப்புக்கு அழைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அம்மை ஒரு துணிப்பையோடு வந்து நின்றார். உலகம்மை பட்டுச் சேலையில், மடியில் பூக்கூடையும் வளையல் பெட்டியுமாகக் காரின் முன் இருக்கையில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். அதே இருக்கை. ஆவுடையப்பன் அதை எதிர்பார்க்கவில்லை.

“பின்னால உக்காரேன் உலகம்மா. அதுதான் நல்லது.”

“பின்னால உக்காந்தா எனக்கு வாந்தி வரும். தெரியாதா?”

இடது கையால் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள். அம்மை பின்னால் ஏறினார். கார் கிளம்பியது.

ஊரைத் தாண்டும்வரை சமாளித்தார். நாலுவழிச் சாலையில் ஏறியதும் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். இடது ஓரத்தை விட்டு அவர் நகரவே இல்லை. பஸ்கள் முந்தின, லாரிகள் முந்தின, சைலன்சர் அலறும் பைக்குகள் முந்தின. வல்லநாடு நெருங்கியபோது பின்னாலிருந்து ஒரு டேங்கர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அது கடந்து போன காற்றில் கார் ஆடியது. ஆவுடையப்பன் சாலையை விட்டு மண் ஓரத்தில் இறக்கி நிறுத்திவிட்டார். இன்ஜினை அணைத்தார்.

“என்னால முடியல.”

சாவியை உருவிக்கொண்டு இறங்கி நின்றார்.

“பஸ் ஏத்தி விட்டுருதேன். நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் திரும்பிருதேன்.”

உலகம்மை கதவைத் திறந்து இறங்கினாள். கொஞ்சம் தள்ளி ஒரு பெண் கூடையில் வெள்ளரிப்பிஞ்சு வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். வாங்கிக்கொண்டு வந்து, இறங்கி நின்றவரிடம் ஒன்றை நீட்டினாள். மிளகாய்ப்பொடியும் உப்பும் தடவியது.

“தின்னுங்க. காலையில ஒழுங்காச் சாப்பிடல.”

அவர் கடித்தார்.  கண் தானாகச் சாலை நடுவிலிருந்த தடுப்புக் கல்லைத் தேடியது. அங்கேதான் உரசினார்கள். அந்தத் தடத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. கறுப்பும் மஞ்சளுமாகக் கற்களுக்கு யாரோ புதிதாகப் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“எது நம்மள இடிச்ச கல்லு?” என்றாள் உலகம்மையும் அதே பக்கம் பார்த்து.

“நாமதான் அதை இடிச்சோம்.”

“சரி, அதைச் சொல்லுங்க. எது?”

“தெரியல.”

“எனக்கும் தெரியல.” அவள் வெள்ளரியை மென்றாள். “கை போச்சேன்னு நீங்க எங்கிட்ட ஒருநாள்கூடக் கேக்கல. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். நீங்க மட்டும் அன்னைக்கு ஒடிக்கலன்னா லாரி என் பக்கமாத்தான் ஏறியிருக்கும். கையோட போச்சு.”

ஆவுடையப்பன் அவளைப் பார்த்தார். இந்த ஒரு விஷயத்தை அவர் ஒருமுறைகூட அந்தப் பக்கமிருந்து யோசித்ததில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். வெள்ளரி புரையேறியது. அவள் அவர் முதுகில் இடது கையால் தட்டினாள்.

“மெதுவாத் தின்னுங்க. நாம போகாம மதிக்கு வளையல் போடமாட்டாங்க. பிள்ளை மணையில உக்காந்து வழி பாத்துக்கிட்டே இருக்கும்.”

சிவகாமி அம்மை காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். அவரிடமும் ஒரு வெள்ளரி இருந்தது. ஜன்னல் வழியாகத் தூரத்தில் தெரிந்த ஆற்றைப் பார்த்தபடி தின்றுகொண்டிருந்தார். ஆவுடையப்பன் அவர் முகத்தைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார்.

“உப்பு சரியா இருக்கு” என்றார் அம்மை.

ஆவுடையப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

பாவூர்ச்சத்திரம் தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. மலை தெரியாமல் மேகம் இறங்கியிருந்தது. சம்பந்தி வீட்டுத் தெரு வெட்டிப் போட்டுக் கிடந்தது. செம்மண் சேற்றில் இறங்கி ஏறித்தான் வாசலுக்குப் போக முடிந்தது.

காந்திமதி கழுத்து நிறைய மாலையோடு மணையில் உட்கார்ந்திருந்தாள். கார்ச் சத்தம் கேட்டதும் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள். “உக்காரு, உக்காரு” என்று பின்னாலேயே மாமியார் ஓடிவந்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை. டிரைவர் பக்கக் கதவு திறப்பதை மட்டும் பார்த்தாள். அப்பா இறங்கியதும் அவள் முகம் கோணியது. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

“வந்துட்டீங்களா?”

“நீ மாட்டச் சொன்னே. மாட்டிட்டேன்.”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனியப் பார்த்தாள். முடியவில்லை. நின்றபடியே வீல்களைப் பார்த்தாள். சேறு அப்பியிருந்தது. ஆவுடையப்பன் வாசலில் இருந்த வாளித் தண்ணீரை ஒரு சொம்பில் மொண்டு ஊற்றினார். சேறு வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. தேய்க்கவேண்டிய தேவை இருக்கவில்லை. அடியிலிருந்து பளபளப்பு வெளியே வந்தது. விளிம்பில் அந்தப் பள்ளமும் தெரிந்தது.

“இந்த இடம் மட்டும் போகலையாப்பா?”

“போகாது.”

“விட்டுட்டீங்களா?”

“விட்டுட்டேன்.”

அவள் தலையாட்டினாள். உள்ளே பெண்கள் கூப்பிட்டார்கள். கை நிறையக் கண்ணாடி வளையல்கள் ஏறின. உலகம்மை இடது கையால் மகளுக்குச் சந்தனம் பூசினாள். சிவகாமி அம்மை ஒரு மூலையில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டார்.

வெயில் தாழ்வதற்குள் கிளம்பிவிட்டார்கள். திரும்பும்போது காந்திமதி பின்னிருக்கையில் அம்மாவின் மடியில் தலைவைத்துச் சாய்ந்துகொண்டாள். வாந்தி வரும் என்ற பேச்சை உலகம்மை எடுக்கவே இல்லை. சிவகாமி அம்மை முன்னால் உட்கார்ந்தார். ஆவுடையப்பனுக்குக் காலையைவிட இப்போதுதான் பாரம் அதிகமாக இருந்தது. காலையில் காருக்குள் மூன்று பேர்தான். இப்போது ஐந்து உயிர். ஒவ்வொரு வேகத்தடையிலும் கார் ஊர்ந்து ஏறி ஊர்ந்து இறங்கியது. வளையல்கள் மெல்லக் குலுங்கின. மகள் தூங்கிப்போனாள்.

திருநெல்வேலியைக் கடந்து நாலுவழிச் சாலைக்கு வந்தார்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது. பின்கண்ணாடியில் ஒரு டேங்கர் லாரி பெரிதாகிக்கொண்டே வந்தது. ஆவுடையப்பன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தார். லாரி பக்கத்தில் வந்தது, இரைந்தது, கடந்து போனது. கார் ஆடியது. அவர் நிறுத்தவில்லை. உள்ளங்கை வியர்வையை ஒவ்வொரு கையாக வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்.

“அம்மா.”

“சொல்லுங்க.”

“ஒரு தடவை ஓட்டிட்டாப் பயம் போயிரும்னு நெனச்சேன். இன்னும் போகலையேம்மா.”

சிவகாமி அம்மை கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சாலையோரத்து முள் உடைமரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன.

“வண்டி போகுதுல்லா, அண்ணாச்சி?” என்றார்.